பதினெட்டு கிலோ

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் பள்ளித்தோழன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஊருக்குப் போகும்போதெல்லாம் சாயங்காலம் அவன் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். கல்லாவுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அங்கே அரை மணி நேர இடைவெளியில் இரண்டு பேர் வந்துபோனார்கள். அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்று சொல்லலாம்.

முதலில் வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. பிளாஸ்டிக் கவருக்குள் நாலாய் மடித்த மருந்துச்சீட்டு. கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். மதுரையில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சீட்டில் மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தது.

"இது இங்க வராதுக்கா. எழுதிக் குடுத்த எடத்துலதான் கேக்கணும்."

"அங்க போயிட்டு வர ஒரு நாள் ஆயிருது அண்ணாச்சி. ராத்திரி பூரா உக்காந்தே இருக்காரு. படுக்க முடியல."

அவன் கைவிரித்தான். அந்த அம்மா சீட்டைப் பழையபடி நாலாய் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து பைக்கில் இரண்டு பையன்கள். ஒருவன் மட்டும் இறங்கி வந்தான். இருபது வயது இருக்கும். ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொல்லி, "ரெண்டு அட்டை" என்றான். சீட்டு எங்கே என்று கேட்டதற்கு வீட்டில் இருக்கிறது என்றான். தை மாதக் குளிரில் அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

"இல்ல தம்பி."

"ஒரு அட்டையாவது குடுங்கண்ணே."

"இல்லன்னு சொல்லுதேன்லா."

பைக் போனதும் நண்பன் என் பக்கம் திரும்பினான். "ஏல, ரெண்டு பேர்ட்டயும் ஒரே பதிலத்தான் சொன்னேன், பாத்தியா? ஒருத்திக்குக் குடுக்கணும், ஒருத்தனுக்குக் குடுக்கக்கூடாது. எங்கிட்ட இருக்கது ஒரே வார்த்தை. வேற என்ன செய்யச் சொல்லுத?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரே வார்த்தையை எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டுக்குள் அது ஒருமுறை வந்திருக்கிறது.

*

1997-ல் எனக்குப் பதினோரு வயது. பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ரைஸ்மில்லில் கணக்கு எழுதியவர், வெற்றிலை புகையிலை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கடைசி மூன்று மாதம் பின்கட்டு அறையில் கிடந்தார். முதலில் முனகல், பிறகு கத்தல். பெரியம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகவா, தனக்கே கேட்கக்கூடாது என்பதற்காகவா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் நல்லவர். பாதி நாள் ஃபீஸ் வாங்கமாட்டார். ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு மருந்து இருக்கு சார். எங்கிட்ட கிடையாது, வச்சுக்கவும் முடியாது. லைசென்ஸ் அது இதுன்னு பெரிய தலைவலி. அதுவும் போக, பழகிரும்."

பழகிரும். இரண்டு மாதம்கூட இருக்கமாட்டார் என்று அவரே சொல்லியிருந்த ஒரு மனிதருக்கு, பழகிவிடும் என்று மருந்து மறுக்கப்பட்டது. அப்போது எனக்கு அதில் எதுவும் விநோதமாகப் படவில்லை. அப்பாவுக்கும் படவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

பல வருடம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு எண் கண்ணில் பட்டது. 1997-ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்காகப் பயன்படுத்திய மார்ஃபின் மொத்தம் 18 கிலோ. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட 97 சதவீதம் குறைவு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 60. மூன்று மாதத்துக்கு ஐந்தரை கிராம் சொச்சம். அப்படியானால் 18 கிலோ என்பது மூவாயிரத்துச் சொச்சம் பேருடைய கடைசி மூன்று மாதத்துக்குக் காணும். நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாட்டில். பெரியப்பா அந்த மூவாயிரத்தில் இல்லை.

இதில் கூடுதல் கொடுமை ஒன்று உண்டு. மார்ஃபின் எங்கோ கப்பலில் வரவேண்டிய சரக்கு இல்லை. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் கொடுத்து விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். அரசே வாங்குகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. மருந்துக்கான அபினை உலகத்துக்கு ஏற்றுமதி செய்த நாடு, தன் மக்களுக்கு 18 கிலோவோடு நிறுத்திக்கொண்டது.

இது எப்படி நடந்தது?

*

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் செர்டூர்னர் என்ற இளம் மருந்தாளுநர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கக் கனவுக் கடவுள் மார்ஃபியஸின் பெயரை அதற்கு வைத்தார். தன்மீதும் சில இளைஞர்கள்மீதும் சோதித்துப் பார்த்தார். 1827 வாக்கில் மெர்க் நிறுவனம் அதை வணிகமாகத் தயாரிக்கத் தொடங்கியது. 1850-களில் ஊசி வந்தது. 1898-ல் பேயர் நிறுவனம் மார்ஃபினின் மாற்றுருவம் ஒன்றை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஹெராயின். வலியையும் இருமலையும் நிறுத்தும் ஒவ்வொரு புது வடிவமும், முந்தையதைவிடப் பாதுகாப்பானது என்ற வாக்குறுதியோடுதான் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்தியாவில் அபின் முதலில் மருந்துக் கதையாக இல்லை, வரவுசெலவுக் கதையாகத்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை வளர்த்து, விற்று, அது சீனாவுக்குப் போய், இரண்டு போர்கள் நடந்து முடிந்தன. பிரிட்டனிலேயே அபின் எதிர்ப்பு இயக்கம் வலுத்தபோது, 1893-ல் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. 1895-ல் வந்த அதன் அறிக்கை, இந்தியர்கள் பெரும்பாலும் அளவோடுதான் பயன்படுத்துகிறார்கள், டாக்டர் இல்லாத ஊர்களில் இது வீட்டு மருந்து, தடை தேவையில்லை என்று முடிந்தது.

இந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு இன்றும் குழப்பம் உண்டு. டாக்டர் இல்லாத ஊரில் அபின் மருந்தாக இருந்தது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு பேரரசின் வருமானம் ஒளிந்துகொண்டதும் உண்மை. நோயாளியின் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வியாபாரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது அன்றைக்கே நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஊசல் மறுபக்கம் போனது. 1914-ல் ஹாரிசன் சட்டம். பெயருக்கு அது வரிச்சட்டம். 1919-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், போதைக்கு அடிமையான ஒருவருக்கு அந்தப் பழக்கத்தைத் தொடர்வதற்காக மருத்துவர் மார்ஃபின் எழுதிக்கொடுப்பது மருத்துவமே ஆகாது என்றது. டாக்டர்கள் கைதானார்கள். எழுதவே பயந்தார்கள். பிரிட்டன் வேறு வழியில் போனது. 1926-ல் ரோல்ஸ்டன் குழு, அடிமைத்தனம் ஒரு நோய், சில நோயாளிகளுக்குக் குறைந்த அளவு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால்தான் அவர்களால் வேலைக்குப் போய் வாழ முடியும் என்றால் டாக்டர் கொடுக்கலாம் என்றது. ஒரே மருந்து, ஏழு வருட இடைவெளி, இரண்டு நாடு, இரண்டு பதில்.

பிறகு 1961-ல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை. அதன் முகப்புரையில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வலியையும் துன்பத்தையும் தணிக்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை, அவை கிடைக்க நாடுகள் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது ஒன்று. இவற்றுக்கு அடிமையாவது பெரும் தீமை, அதை எதிர்த்துப் போராட வேண்டும் என்பது இன்னொன்று. உலக நாடுகள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டன. வீட்டுக்குப் போய் இரண்டாவதற்கு மட்டும் சட்டம் எழுதின.

*

நம் சட்டம் 1985-ல் வந்தது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல், நவம்பர் 14-லிருந்து அமல். பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே பத்து வருடச் சிறை. கடத்தல்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அந்த நேரத்தில் ஹெராயின் நகரங்களுக்குள் வந்துகொண்டிருந்தது, பயம் நியாயமானது. யாரும் புற்றுநோயாளிகளை வதைக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை.

ஆனால் விதிமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறானது. ஒரு மருத்துவமனை கொஞ்சம் மார்ஃபின் வாங்கி வைக்க வேண்டுமென்றால் இருப்பு வைக்க ஒரு உரிமம், வாங்க ஒன்று, ஒரு மாநிலத்திலிருந்து அனுப்ப ஒன்று, இன்னொரு மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று என்று நாலைந்து தாள். கலால் துறை ஒரு பக்கம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கம். எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். நாலாவது தாள் வருவதற்குள் முதல் தாள் முடிந்துபோகும். கணக்கில் சிறு பிசகு வந்தால் சிறை. மருந்துக் கம்பெனிகள் தயாரிப்பதைக் குறைத்தன. மருத்துவமனைகள் வாங்குவதை விட்டன. இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. மார்ஃபினைக் கையால் தொட்டுப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து வெளியே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டாக்டரின் "பழகிரும்" அங்கிருந்து வந்தது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து மார்ஃபின் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், தூக்கமின்மை. இது எல்லோருக்கும் வரும், படிப்படியாகக் குறைத்தால் சமாளிக்கலாம். அடிமைத்தனம் என்பது வேறு. வாழ்க்கை சீரழிவது தெரிந்தும் தேடிப்போவது, விட நினைத்தும் முடியாமல் போவது. முதலாவது மட்டும் இருக்கிற நோயாளிகள் ஏராளம். தமிழில் நாம் இரண்டுக்கும் 'பழகிரும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளித்துவிட்டோம்.

*

பெரியப்பா கத்திக்கொண்டிருந்த அதே 1997-ல், எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டி ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன கிளினிக் நடந்துகொண்டிருந்தது. 1993-ல் மயக்க மருந்து நிபுணர் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் தொடங்கிய செயிண்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தின் பாடம்தான் அடிப்படை. வலி வந்த பிறகு கெஞ்ச வைக்காமல், வலி வருவதற்கு முன்பே நேரத்துக்கு நேரம் வாய்வழி மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பாடம். உடம்பு வலியோடு பணக்கவலை, பயம், தனிமை எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய மொத்த வலி என்றும் சாண்டர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அங்கே வருகிறவர்கள் மாத்திரையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கூலிக்காரர்கள், ஓலைவீட்டுக்காரர்கள். அதிகாரிகளின் பயம் இதுதான்: மாத்திரை வீட்டுக்குப் போனால் தெருவுக்குப் போய்விடாதா? அவர்கள் அதையே ஆராய்ந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகள் வீட்டில் வைத்து வாய்வழி மார்ஃபின் எடுத்துக்கொண்டார்கள். தவறாகப் பயன்படுத்தியதாகவோ, வெளியே கைமாறியதாகவோ ஒரு சம்பவமும் கண்டறியப்படவில்லை. 2001-ல் லான்செட் இதழில் அது வெளியானது.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டுக் கட்டுரையை முடித்திருப்பேன், அமெரிக்காவில் நடந்தது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால்.

அங்கேயும் ஒரு எண் இருந்தது. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்து வாக்கியத்தில் ஒரு கடிதம். மருத்துவமனையில் இவ்வகை மருந்து வாங்கிய 11,882 நோயாளிகளில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது. மருத்துவமனைக் கட்டிலில், நர்ஸ் கையால், சில நாட்கள் வாங்கியவர்களைப் பற்றிய ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் அடுத்த முப்பத்தேழு வருடத்தில் அது 608 முறை மேற்கோள் காட்டப்பட்டது. பெரும்பாலும், அடிமையாவது அரிது என்பதற்குச் சாட்சியாக.

அமெரிக்காவிலும் வலி அலட்சியப்படுத்தப்பட்டிருந்தது உண்மை. 1973-லேயே அங்கே இரண்டு ஆய்வாளர்கள், மருத்துவமனைகளில் பயத்தால் நோயாளிகளுக்குத் தேவைக்கும் குறைவாகவே மருந்து கொடுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அதற்கு எதிராக எழுந்த நியாயமான குரலின் தோளில்தான் பர்டூ நிறுவனம் ஏறி உட்கார்ந்தது. 1996-ல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. மெதுவாகக் கரைவதால் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து குறைவு என்று நம்பப்படுவதாக, அரசு அனுமதித்த மருந்துச் சீட்டிலேயே ஒரு வரி இருந்தது. பழைய வாக்குறுதிதான், ஹெராயின் கொண்டுவந்த அதே வாக்குறுதி. விற்பனைப் பிரதிநிதிகள் குடும்ப டாக்டர்களைத் தேடிப்போனார்கள். சாகக் கிடக்கிறவர்களுக்கான மருந்து முதுகுவலிக்கும் பல் பிடுங்கியதற்கும் எழுதப்பட்டது. 2007-ல் அந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்றதற்காக, பர்டூவோடு தொடர்புடைய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டியது. அதற்குள் ஊர் ஊராகச் சவப்பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு பிரேக் போட்டார்கள். 2010-ல் மாத்திரையைப் பொடிக்க முடியாதபடி மாற்றினார்கள். 2012-க்குப் பிறகு மருந்துச்சீட்டுகள் குறையத் தொடங்கின. சாவு குறையவில்லை. ஏற்கெனவே அடிமையாகிவிட்டவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள், ஹெராயினின் இடத்தைக் கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில் பிடித்தது. 2021 ஏப்ரலோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள், பெரும்பங்கு ஓபியாய்டுகளால்.

இன்னொரு கூட்டமும் அடிபட்டது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2016-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகும்போது கவனம் தேவை என்றது. காப்பீட்டு நிறுவனங்களும் மருந்துக்கடைகளும் மாநிலங்களும் அந்தக் கவனத்தைக் கட்டாயமாக்கிக்கொண்டன. பல வருடமாக அதே அளவில் ஒழுங்காக வாழ்ந்துவந்த நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மருந்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். 2019-ல் அந்த வழிகாட்டியை எழுதியவர்களே, நாங்கள் சொன்னது இது இல்லை என்று எழுத வேண்டி வந்தது. 2022-ல் வழிகாட்டி திருத்தப்பட்டது.

கோழிக்கோட்டின் 1,723-ஐயும் அமெரிக்காவின் 11,882-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் ஒரே செய்தியைச் சொல்வதுபோலத் தெரிகிறது. ஆனால் கோழிக்கோட்டின் எண்ணோடு ஒரு கிளினிக் இருந்தது. யாருக்கு என்ன வலி என்று தெரிந்த டாக்டர், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற ஆள், அந்தத் தெருவிலேயே இருக்கிற தன்னார்வலர். எத்தனை மாத்திரை மிச்சம் என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் எண்ணை மட்டும் கத்தரித்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு விற்கப் போனார்கள்.

*

நம் நாட்டில் மாற்றம் மெதுவாக வந்தது. 1998-ல் மத்திய அரசு, விதிகளை எளிமையாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மாதிரி விதியை அனுப்பியது. கேரளம் போன்ற சில மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, பல மாநிலங்கள் கோப்பைக் கட்டி வைத்தன. 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. 2008-ல் கேரளம் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. 2014 பிப்ரவரியில், பதினைந்தாவது மக்களவையின் கடைசி நாட்களில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. மருத்துவப் பயன்பாட்டை உறுதிசெய்வதும் அரசின் கடமை என்ற வார்த்தை 29 வருடம் கழித்து சட்டத்துக்குள் வந்தது. அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று ஒரு புது வகை. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் அதில் வந்தன. நாலைந்து தாளுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம், நாடு முழுக்க ஒரே விதி.

ஆனாலும் 2017-ல் லான்செட் குழு கணக்கெடுத்தபோது, தேவையான வலி மருந்தில் இந்தியாவுக்குக் கிடைத்தது 4 சதவீதம். அமெரிக்காவில் தேவையைப்போல் முப்பது மடங்குக்கு மேல். தாள் குறைந்துவிட்டது, பயம் குறையவில்லை. அங்கீகாரம் வாங்கலாம் என்று தெரியாத மருத்துவமனைகள், தெரிந்தும் வாங்காத மருத்துவமனைகள். அந்த அம்மாவின் ஒரு நாள் பயணம் இந்த 4 சதவீதத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது.

சரி, இன்னொரு பையன்? வியர்த்துக்கொண்டு நின்ற பையன்?

2019-ல் எய்ம்ஸ் நடத்திய தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் ஓபியாய்டு பயன்பாட்டால் பிரச்சினைக்குள்ளாகி உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்றது. இது பஞ்சாப், மணிப்பூர் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சென்னையில் தொண்ணூறுகளிலேயே பூப்ரநார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களிடையே எச்.ஐ.வி. பரவியது. அதே பூப்ரநார்ஃபின் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையாக, இன்றைக்கு அடிமைத்தனத்துக்கான முக்கிய சிகிச்சை. தினம் ஒரு அளவு எடுத்தால் தவிப்பு அடங்கும், வேலைக்குப் போகலாம், ஊசியைத் தேட வேண்டாம். 1926-ல் ரோல்ஸ்டன் குழு சொன்னதன் நவீன வடிவம் அது.

பஞ்சாபில் 2017-லிருந்து அரசு இதற்கென்று வெளிநோயாளர் மையங்களை நடத்துகிறது. முதலில் தினமும் வந்து ஊழியர் கண்முன்னால் சாப்பிட வேண்டும் என்று இருந்தது. தினக்கூலிக்காரன் தினமும் வரிசையில் நின்றால் கூலி போகும், கூலி போனால் சிகிச்சையை விடுவான். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் தெருவில் விற்கலாம். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து, வேறு வழியில்லாமல் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு முன்பு கோழிக்கோட்டில் கேட்ட அதே கேள்வி இங்கே வேறு நோயாளியை முன்வைத்து வந்து நிற்கிறது: யாரை நம்பி எத்தனை மாத்திரையை வீட்டுக்கு அனுப்பலாம்?

சட்டம் இங்கேயும் இரண்டு மனதோடுதான் இருக்கிறது. ஹெராயின் பயன்படுத்தியதற்கே ஒரு வருடம்வரை சிறை உண்டு. சிகிச்சைக்குத் தானாக முன்வருகிறவருக்கு விலக்குக் கொடுக்கும் பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. எங்கள் ஊர்ப் பையனுக்கு முதல் பிரிவு தெரியும். இரண்டாவதை அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை.

*

சமநிலை என்றவுடன் நமக்குத் தராசு ஞாபகம் வருகிறது. ஒரு தட்டு இறங்கினால் மற்றது ஏறும். நோயாளிக்குத் தாராளமாகக் கொடுத்தால் அடிமைகள் பெருகுவார்கள், அடிமைகளைத் தடுக்க இறுக்கினால் நோயாளி தவிப்பார். இருநூறு வருடக் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தராசின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. 1985-க்குப் பிறகு நாம் நோயாளியின் தட்டைத் தரையோடு அமுக்கினோம். ஹெராயின் குறைந்ததா? அமெரிக்கா 2012-க்குப் பிறகு மருந்துச்சீட்டை இறுக்கியது. சாவு நின்றதா? இரண்டு தட்டும் ஒன்றாகவே கீழே போன காலங்கள் இருக்கின்றன. இரண்டு கூட்டமும் தனித்தனி மனிதர்கள்கூட இல்லை. போதைப் பழக்கம் இருந்தவருக்குப் புற்றுநோய் வரும், விபத்தில் எலும்பு முறிந்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர் அதில் மாட்டிக்கொள்வார். அவர்களை எந்தத் தட்டில் வைப்பது?

என் நண்பன் கல்லாவில் நின்று சொல்கிற 'இல்லை' அவனுடைய தவறு கிடையாது. அவன் ஒரு வியாபாரி. அவனுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஆட்கள் இல்லாததால், இருநூறு வருடச் சிக்கல் மொத்தமும் ஒரு மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிற அவன் தலையில் வந்து விழுகிறது. அந்த அம்மாவுக்கு வேண்டியது பக்கத்திலேயே மார்ஃபின் வைத்திருக்கிற ஒரு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையும், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு நர்ஸும். அந்தப் பையனுக்கு வேண்டியது போலீஸுக்குப் பயப்படாமல் போய் உட்காரக்கூடிய ஒரு கிளினிக். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஏற்பாடுதான். அடிக்கடி பார்க்கிற, பெயர் தெரிந்த ஒரு ஆள் அங்கேயும் வேண்டும், இங்கேயும் வேண்டும். அதற்குச் செலவாகும். சட்டம் போடுவதற்குச் செலவில்லை என்பதால்தான் அரசுகளுக்கு எப்போதும் அது முதலில் ஞாபகம் வருகிறது என்று நினைக்கிறேன்.

இப்படி ஆட்களை அனுப்ப முடியாது என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை கொடுப்பதும் ஒரு பகுதி.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பு நானும் நண்பனும் உட்கார்ந்து போன் போட்டு விசாரித்தோம். ஏழெட்டு இடம். மார்ஃபின் என்றதும் இரண்டு இடத்தில் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு அரசு மருத்துவமனையில், இங்கேயே கிடைக்கும், பழைய சீட்டோடு வரச் சொல்லுங்கள் என்றார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நண்பன் அந்த நம்பரை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தான். அந்த அம்மாவின் தெரு அவனுக்குத் தெரியும், ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான்.

"அவருக்குச் சொல்லியாச்சு. அந்தப் பயலுக்கு எந்த நம்பர எழுதி வைக்க?" என்றான்.

அதையும் விசாரித்தோம். மாவட்டத் தலைநகரில் ஒரு இடம் சொன்னார்கள். அதையும் கீழே எழுதினான். பையன் அடுத்த வாரம் திரும்ப வந்தானாம். மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டு நம்பரைக் காட்டியிருக்கிறான். பையன் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டானாம்.

"போட்டோ எடுத்துட்டுப் போனானா?" என்று போனில் கேட்டேன்.

"பைக்குல ஏறுறதுக்கு முன்னால திரும்பி ஒருவாட்டி பாத்தான். அவ்ளோதான்" என்றான்.